பாறை வீடும் லயத்து வீடும்

வட்டவளையின் மழையைப் பற்றி மலையகத்தார் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை இங்கே பொழிகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் கடலிலிருந்து கிளம்பிக் களனிப் பள்ளத்தாக்கின் வழியே ஏறிவந்து, கினிகத்தேனைக் கணவாயிற் புகுந்து, எங்கள் கூரைத் தகரங்களின் மீதே தன் பெருஞ்சுமையை முதலில் இறக்குகின்றது. இத்தகைய ஊரில், இத்தகைய காட்டில், மனிதன் எக்காலத்திற் குடியேறினான் என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். "கோப்பி போட்ட காலத்தில்" என்பது பெரும்பாலும் கிடைக்கும் விடை. சற்று அதிகம் படித்தவர்கள் கண்டி அரசர்களின் காலத்தைச் சொல்வார்கள். பழங்காலக் குகைகள் என்றாலோ அஜந்தாவும் தம்புள்ளையும் சிகிரியாவும் நினைவுக்கு வரும். ஆனால் எங்கள் ஊரிலிருந்து அவிசாவளை வீதியிற் கீழிறங்கினால், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய கித்துல்கலவுக்கு அண்மையில், 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் அடுப்பு மூட்டி வாழ்ந்த வீடொன்று இன்றும் இருக்கிறது. அதற்குப் பெலிலென என்று பெயர். 'லென' என்னும் சிங்களச் சொல் குகையைக் குறிக்கும்.

மாசி மாதத்து மழையற்ற வாரமொன்றின் இறுதியில் நாங்கள் நால்வர் அங்கே சென்று வந்தோம். சரித்திரம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், தோட்டத்திற் கவ்வாத்து வேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், பிறகு நான். பெரியவர் எங்களோடு வந்தது தற்செயல். கித்துல்கலவில் வாழ்க்கைப்பட்ட மகளைப் பார்க்கப் புறப்பட்டவர், நாங்கள் போகும் இடத்தைக் கேட்டதும், "குகையில ஆளுக இருந்தாங்களா? அப்ப நானும் வந்து பாக்குறேன் சேர்" என்று சேர்ந்துகொண்டார். அவர் வராதிருந்தால் இக்கட்டுரையின் பிற்பகுதி எழுதப்பட்டிருக்காது.

கினிகத்தேனை தாண்டியதும் பூமியின் தோற்றம் மாறிவிடுகிறது. எங்கள் பக்கத்து ஓடைகள் மகாவலியைத் தேடிச் சென்று கிழக்குக் கடலிற் கலப்பவை. கணவாய்க்கு அப்பாலுள்ளவை களனி கங்கையுடன் சேர்ந்து மேற்கே இறங்குபவை. தேயிலைச் சரிவுகள் குறைந்து இறப்பர் மரங்கள் தோன்றுகின்றன. குளிர் கழன்று உடல் வியர்க்கின்றது. கித்துள் பனைகள் ஒன்றிரண்டாகத் தலை காட்டி, பின்னர் பற்றை பற்றையாக நிற்கின்றன. பஸ்ஸில் இருந்தவர்களிற் பாதிப் பேர் ஆற்றிற் படகோட்ட வந்த இளைஞர்கள். மற்றவர்கள் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்த இடத்தைக் காண வந்தவர்கள். சில மாதம் நின்று வெடித்துச் சிதறிய மரப்பாலத்துக்கு வழிகாட்டுவோர் வீதிதோறும் உளர். முப்பதாயிரம் ஆண்டு வீட்டுக்கு வழி கேட்டபோது மூன்றாவது ஆளுக்குத்தான் விடை தெரிந்தது. இதிற் குறை கூற ஒன்றுமில்லை. படத்தை அனைவரும் பார்த்திருக்கிறார்கள்.

வீதியிலிருந்து விலகி, இங்கோயாத் தோட்டப் பக்கமாக ஏறும் பாதை முதலில் இறப்பர் நிழலிற் செல்கிறது. பின்னர் காடு நெருங்குகிறது. அட்டைகள் மழையில்லாத நாளிலும் தம் கடமையைச் செய்தன. பெரியவர் சவர்க்காரக் கட்டியைக் காலிற் பூசி வந்திருந்தார். நாங்கள் மூவரும் படித்தவர்களாகையால் அதைச் செய்யவில்லை. ஏற்றம் முடியுமிடத்தில் மரங்களுக்கிடையே கரும்பாறையொன்று புருவம் போல முன்னே நீண்டு நிற்கக் கண்டோம். அதன் விளிம்பிலிருந்து மெல்லிய நீரிழை ஒன்று குகைவாயிலின் முன்னே விழுந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்தால் தரை உலர்ந்து கிடக்கிறது.

குகை என்றவுடன் இருண்ட சுரங்கத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம். இது பாறையடித் தாழ்வாரம். எங்கள் தோட்டத்து மொழியிற் சொன்னால் ஒரு பெரிய இஸ்தோப்பு. வெளிச்சம் உள்ளே வரும். மழையும் காற்றும் வாரா. கண்ணுக்கெதிரே பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடக்கிறது. குடிநீர் வாசலுக்கே வந்து விழுகிறது. பெரியவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பீலி வாசல்லயே இருக்கு, அடுப்புக்குக் காத்து அடிக்காது, மேல் கணக்கு பாத்துத்தான் எடம் பிடிச்சிருக்காங்க" என்றார். தொல்பொருள் அறிஞர் ஒருவரிடம் இதைவிடச் சிறந்த விளக்கத்தை எதிர்பார்த்தல் கடினம்.

இக்குகையின் தரையை 1978ஆம் ஆண்டு முதல் 1983ஆம் ஆண்டு வரை தொல்பொருள் திணைக்களத்தினர் அகழ்ந்து ஆராய்ந்தனர். அப்பணியை நடத்தியவர்கள் கலாநிதி சிரான் தெரணியகலவும் விஜயபாலவும் ஆவர். சிரான் தெரணியகல பிற்காலத்தில் தொல்பொருள் தலைமைப் பணிப்பாளராக விளங்கி 2021இல் மறைந்தார். இத்துறை அவர் குடும்பத்திலேயே வந்தது எனலாம். அவருடைய தந்தையாரான பி. ஈ. பி. தெரணியகல தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர். குருவிட்டைக்கு அருகேயுள்ள பத்ததொம்ப லெனவை முன்னரே அகழ்ந்தவர். இவ்வாதி மனிதனுக்குப் 'பலாங்கொடை மனிதன்' என்ற பெயர் வழங்கக் காரணமானவர்.

தரையைப் படலம் படலமாக உரித்தபோது கிடைத்தவை பொன்னும் மணியுமல்ல. எரிந்து கரியான கெக்குணக் கொட்டை ஓடுகள், காட்டு ஈரப்பலாவின் கருகிய எச்சங்கள், மரநத்தை ஓடுகள், குரங்கு, மரவணில், முள்ளம்பன்றி ஆகியவற்றின் எலும்புகள், கூராக்கிய எலும்பு முனைகள், வெள்ளைப் படிகக்கல்லிற் செதுக்கிய சின்னஞ்சிறு கருவிகள். இக்கருவிகள் விரல்நகமளவினவாய், பிறைவடிவும் முக்கோண வடிவும் கொண்டவை. மரத்தண்டிலோ எலும்பிலோ பொருத்தி அம்பாகவும் ஈட்டியாகவும் பயன்படுத்தத்தக்கவை. ஐரோப்பாவில் இவ்வகை நுண்கற்கருவிகள் பெருவழக்காக வந்தது பனியூழி முடிவடையும் தறுவாயிலேயே. இலங்கைக் குகைகளிலோ அவை 28,000 ஆண்டுகளுக்கு முன்பே காணப்படுகின்றன. நாகரிகத்தின் வெளிச்சமெல்லாம் மேற்கிலிருந்தே வந்ததென்று பாடப்புத்தகங்கள் கற்பித்துவந்த காலமொன்றுண்டு. அந்தக் காலத்துப் பரீட்சையில் எழுதித் தேறியவன் நான் என்பதால், இந்தச் சிறு கற்களின் மீது எனக்குத் தனியான மதிப்பு உண்டு.

குகைத் தரையில் மனித எலும்புகளும் கிடைத்தன. இறந்தவரை வாழ்விடத்தின் தரையிலேயே புதைப்பதும், சில எலும்புகளை மட்டும் தெரிந்தெடுத்து மீண்டும் அடக்குவதும் அம்மக்களின் வழக்கம் என்று தெரிகிறது. வேறு சில குகைகளில் அவ்வெலும்புகளுக்குச் செங்காவியும் பூசியிருக்கிறார்கள். எலும்புகளை அளந்தோர், ஆண்கள் ஏறத்தாழ 174 சென்ரிமீற்றரும் பெண்கள் 166 சென்ரிமீற்றரும் உயரமாயிருந்தனர் எனக் கணித்துள்ளார்கள். நண்பர் இதைச் சொன்னபோது எங்கள் மாணவன் பெரியவரின் அருகே போய் நின்று தன் உயரத்தை அளந்துகொண்டான். இருவருமே அந்தக் கணக்குக்குக் குறைவு.

இவையனைத்திலும் என் மனத்தை விட்டு அகலாதது உப்பு. கடலிலிருந்து உப்பைக் கொண்டுவந்து பயன்படுத்தியதற்கான சான்று பெலிலெனவில் 27,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படலத்திலேயே கிடைத்தது. இன்று கித்துல்கலவிலிருந்து கொழும்புக்கு வீதி வழியே ஏறத்தாழ 90 கிலோமீற்றர். அக்காலத்திற் கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்தமையால் கரை இன்னும் அப்பால் இருந்தது. வீதி இல்லை, சக்கரம் இல்லை, சட்டிபானையும் இல்லை. அட்டையும் ஆறும் யானையும் நிறைந்த காட்டினூடே ஒருவன் உப்பைச் சுமந்து இந்தப் பாறைவாயில் வரை ஏறியிருக்கிறான். அவனே கடற்கரை வரை போய் வந்தானா, அல்லது குகைக்குக் குகை, கூட்டத்துக்குக் கூட்டம் கைமாறி வந்ததா என்பதைப் படலங்கள் சொல்லவில்லை. எவ்வாறாயினும், பள்ளத்தாக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். காட்டுமிராண்டி என்னும் சொல்லை நாம் எவ்வளவு எளிதாக உபயோகிக்கிறோம்!

உலக அறிஞர்களுக்கு இக்குகைகள் முக்கியமானவையாகியதற்கு வேறொரு காரணமுண்டு. அடர்ந்த மழைக்காடு மனிதனுக்கு உகந்த வாழ்விடமன்று. பயிர்ச்செய்கையின் துணையின்றி அங்கே நெடுங்காலம் பிழைத்தல் அரிது என்ற கருத்து அண்மைக்காலம் வரை வலுவாக இருந்தது. காட்டிற் பசுமை மிகுதி, உணவு குறைவு. விலங்குகளோ மர உச்சியில் வாழ்பவை, விரைந்து ஓடுபவை. இக்கருத்தை அசைத்தது இலங்கையே. 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இலங்கைக் குகைகளிற் கிடைத்த ஆதிமனிதர்களின் பற்களை இரசாயன முறையிற் சோதித்து, அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காட்டு உணவிலேயே தங்கி வாழ்ந்தனர் என்று காட்டினார்கள். புளத்சிங்களவுக்கு அருகிலுள்ள பஹியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே குரங்கையும் மரவணிலையும் தேர்ந்து வேட்டையாடியமை 2019இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில், அக்குகையின் எலும்பு முனைகளை நுணுகி நோக்கியவர்கள் அவற்றில் அம்பெய்த அடையாளங்களைக் கண்டு, 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு வில்லும் அம்பும் வழங்கியிருக்க வேண்டும் என்றார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லுக்கு இவ்வளவு பழைய சான்று அறியப்பட்டிருக்கவில்லை. தரையில் ஓடும் மானுக்கு ஈட்டி போதும். மர உச்சியிற் குந்தியிருக்கும் குரங்குக்கு அம்பு வேண்டும். தேவை கருவியைப் படைத்த விதத்தை வகுப்பில் விளக்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

"இவுக எந்த ஜாதி, சேர்? தமிழ் ஆளுகளா, சிங்கள ஆளுகளா?" என்று பெரியவர் கேட்டார். நண்பர் சிரித்தார். கேள்வி சிரிப்புக்குரியதன்று; இந்நாட்டிற் பழங்கல் ஒன்று கிடைத்தவுடன் படித்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அந்தப் பாஷைகள் இரண்டும் தோன்றுவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அம்மக்கள் வாழ்ந்தார்கள் என்று நண்பர் விளக்கினார். அவர்களின் இரத்தம் வேடரிலும் ஏனையோரிலும் கலந்து இன்றும் ஓடக்கூடும். இலங்கையும் இந்தியாவும் தரையால் இணைந்திருந்த காலம் அது. கடல் இறுதியாகப் பிரித்தது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே. "அப்ப கப்பல் வேணாம், நடந்தே வந்திருக்காங்க" என்றார் பெரியவர். "நம்ம பாட்டன்மாரும் மன்னாருல எறங்கி நடந்துதானே வந்தாங்க."

அன்றிரவு பெரியவரின் மகள் வீட்டிலே தங்கினோம். உணவுக்குப் பின் பேச்சு அமெரிக்காவின் கற்பாறை ஊர்களை நோக்கித் திரும்பியது. மாணவன் அவற்றின் படங்களைக் கண்டிருந்தான். கொலராடோ மாநிலத்தின் மெசா வேர்டே என்னும் மேட்டுநிலத்தில், செங்குத்தான பாறைச் சுவரின் குடைவுகளுக்குள்ளே புவெப்லோ மக்களின் முன்னோர் கல்லடுக்கி ஊர் கட்டினர். அவற்றுட் பெரியதான 'பாறை மாளிகை'யில் ஏறத்தாழ 150 அறைகளும், கிவா எனப்படும் வட்டமான நிலவறைச் சடங்கு மண்டபங்கள் 23உம் உள்ளன. அவர்கள் மேட்டின் மீது சோளமும் அவரையும் பயிரிட்டு, பாறையிற் கால்வைக்கக் குடைந்த குழிகளைப் பற்றி ஏறி இறங்கினார்கள். வீட்டு உத்தரங்களாக வைத்த மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி, கட்டிய ஆண்டையே அறிஞர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதே வளையங்கள் 1276 முதல் 1299 வரை நீடித்த கொடும் வரட்சியையும் காட்டுகின்றன. 1300ஆம் ஆண்டளவில் ஊர் முழுவதும் வெறுமையாயிற்று.

1888ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மாடு தேடிச் சென்ற இருவர் இம்மாளிகையைக் கண்டு உலகுக்கு அறிவித்தபோது, 'மறைந்துபோன மக்கள்' என்ற கதை பிறந்தது. மறைந்துபோனவர்கள் யார்? ஹோப்பி, சூனி முதலிய புவெப்லோ இனத்தார் தெற்கே சில நாள் நடைத் தூரத்திலே வேறு ஊர்களில் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை; அவ்வளவே. 1891இல் சுவீடன் நாட்டு இளைஞரான நோர்டென்ஷோல்ட் அங்கே அகழ்ந்தெடுத்த பொருள்கள் கடல் கடந்து பின்லாந்தின் தேசிய நூதனசாலையைச் சேர்ந்தன. அவற்றுள் இருந்த மனித எச்சங்களும் ஈமப் பொருள்களும் 2020ஆம் ஆண்டிலே வழித்தோன்றல்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டு மீள அடக்கம் செய்யப்பட்டன. நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள் தாமதித்தாலும், 'இவை எங்கள் பாட்டன்மாருடையவை' என்று சொல்வதற்கு ஆட்கள் இருந்தார்கள். அச்சொல்லைக் கேட்கவும் வேண்டியிருந்தது.

நம் நாட்டுப் பாறைகளிலும் பெயர் சொல்லும் சாட்சிகள் உள்ளன. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக் குகையொன்றில், 'தமேட வணிஜ' என்று தன்னைக் குறித்துக்கொண்ட விசாகன் என்னும் தமிழ் வணிகன், கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துப் பிராமி எழுத்திலே தன் கொடையைப் பொறித்து வைத்திருக்கிறான். குகையைப் பௌத்த துறவியர்க்கு அளித்த தமிழன் அவன். இன்றைய சண்டைகளுள் எத்தரப்புக்கு அவனைச் சாட்சி அழைப்பது என்பதை நீண்ட நேரம் விவாதித்தோம். பெரியவர் அதற்குள் உறங்கிவிட்டார்.

ஞாயிறு காலை வட்டவளைக்குத் திரும்பியபோது பெரியவர்தான் அழைத்தார். "நேத்து நீங்க ஒரு பாழடைஞ்ச வீடு காட்டினீங்க. இன்னைக்கு நான் ஒண்ணு காட்டுறேன், வாங்க." தேயிலை மலையின் மேல் எல்லையில், சவுக்கு மரங்களுக்கு அப்பால், ஒற்றையடிப் பாதை போய் முடியுமிடத்தில் அது இருந்தது. ஒற்றை வரிசை லயம், பன்னிரண்டு காம்பராக்கள். கூரைத் தகரங்களை எப்போதோ கழற்றிப் போய்விட்டார்கள். கருங்கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பிய இடைச்சுவர்கள் இடுப்பளவில் நிற்கின்றன. தரை முழுவதும் பன்னம் முளைத்துக் கிடந்தது. ஆனால் ஒவ்வோர் இஸ்தோப்பின் மூலையிலும் அடுப்பு இருந்த இடம் இன்னும் கறுத்தே இருந்தது. கீழே சரிவில் பீலியின் கற்றொட்டி. அதற்கப்பால் ஒரு நட்ட கல்லும் துருப்பிடித்த சூலமும்.

மாணவன் புத்தகப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து ஒரு காம்பராவை அளந்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி. மலையகத்துக் காம்பராவின் பழைய அளவு அதுதான். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். சில வேளைகளில் இரண்டு. நேற்றுக் கண்ட பாறை வீட்டில் ஒருவனுக்குக் கிடைத்த இடம் இதைவிட நிச்சயமாக அதிகம் என்று நண்பர் சொன்னதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த லயம் வெறுமையானதற்கு வரட்சி காரணமன்று, காகிதம் காரணம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெழுதிற்று. அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். 1974இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. ஒரே காம்பராவில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவரானமை இந்தக் கணக்கின் வழியேதான். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே முடிவு கண்டது. பெரியவர் அப்போது சிறுவர். "சாமான் கட்டின பொட்டியோட கீழ ஸ்டேசனுக்குப் போவாங்க. கோச்சி கெளம்பயில அழுகுற சத்தம் இந்த மலைக்கே கேக்கும். பெறகு இங்க வெளக்கு ஒண்ணொண்ணா கொறைஞ்சுது. கடைசியில நாலு குடும்பம். அவங்களையும் கீழ் லயத்துக்கு எறக்கிட்டாங்க." சென்றவர்களுட் பலர் தலைமன்னாரிற் கப்பலேறி, தாயகம் திரும்பியோருக்கென அரசு அமைத்த நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தே பறித்தார்கள். அங்கே அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர்.

எமது நாட்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி தொல்பொருள் எனப்படுவது 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டதாயிருத்தல் வேண்டும். கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அது. நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத்தொடங்கியதோ 1820களில். ஆகவே மலையகத் தமிழர் இந்த மண்ணிற் கட்டியவை, நட்டவை, புதைத்தவை எல்லாம், ஒன்றுகூட மிச்சமின்றி, அந்தத் திகதிக்கு இப்புறத்திலேயே விழுந்துவிடுகின்றன. யாரும் நம்மைக் குறிவைத்து அத்திகதியை எழுதினார்கள் என்று நான் கருதவில்லை. துரைமாரின் பங்களாக்களும் புகையிரத நிலையங்களும் அதே பக்கத்தில்தான் விழுகின்றன. பிற்காலத்துச் சின்னங்களையும் அரசு விசேடமாக அறிவித்துப் பாதுகாக்க வழியுண்டு. ஆயினும் பங்களாவைச் சட்டம் காக்காவிடினும் சந்தை காத்துவிடுகிறது. உல்லாசப் பயணிகள் அவற்றில் ஓரிரவு தங்கப் பெருந்தொகை கொடுக்கிறார்கள். லயத்தைச் சந்தையும் காக்காது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். லயங்களை அப்படியே நிறுத்தி வைக்க வேண்டுமென்று வாதாட நான் முற்படவில்லை. இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவற்றிலே ஒழுகும் கூரையின் கீழ் வாழ்கின்றன. அவை இடிந்து தனிவீடுகள் எழும் நாளை எவ்வளவு விரைவிற் காண்கிறோமோ அவ்வளவு நன்று. ஒருவருடைய துன்பத்தை மற்றொருவர் ரசிப்பதற்காகப் பாதுகாப்பது பண்பாடன்று. கம்பளைப் பகுதியில் 2007இல் பழைய லயமொன்றிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது; அதுபோல் மாவட்டத்துக்கு ஒன்று இருந்தாற் போதும். ஏனையவற்றை இடிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி அளந்து, படமெடுத்து, யார் எந்தக் காம்பராவில் இருந்தார்கள் என்று எழுதிக்கொள்வதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. 2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த வழியெங்கும் இறந்து வீழ்ந்தவர்களுள் எத்தனை பேருடைய பெயரை நம்மாற் சொல்ல முடியும்? பெலிலென மக்களுக்காவது எழுத்து இல்லாமலிருந்தது. நம்மிடம் எழுத்து இருக்கிறது, பாடசாலைகள் இருக்கின்றன, ஆசிரியர்கள் இருக்கிறோம்.

அன்று பிற்பகல் முழுவதும் அந்த லயத்திலேயே கழிந்தது. மாணவன் கொப்பியிற் பன்னிரண்டு கட்டங்கள் வரைந்தான். பெரியவர் ஒவ்வொரு வாசலாக நின்று சொல்லச் சொல்ல அவன் எழுதினான். முதற் காம்பராவில் தப்பு அடிப்பவர்; திருவிழாக் காலத்தில் அவர் வாசலிலேதான் தோல் காய்ச்சுவார்கள். இரண்டாவதில் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். பகலிற் குழந்தைகள் அவ்வாசலிற் சத்தம் போடலாகாது. மூன்றாவது பெரியவரின் சொந்த வீடு. அங்கே நின்று அவர் எதுவும் சொல்லவில்லை. அடுப்பங்கல் ஒன்றைக் காலாற் சற்று நேராக்கினார். நான்காவதில் காமன்கூத்தில் ரதி வேடம் கட்டியவர். அக்குடும்பம் கோத்தகிரிக்குப் போயிற்று. ஐந்தாவதும் ஆறாவதும் அண்ணன் தம்பி. அண்ணன் போனார், தம்பி இருந்தார். ஏழாவது வாசலில் பெரியவர் நின்றுவிட்டார். ஒரு கிழவி இருந்தார். வாசலில் வெள்ளைச் செவ்வந்தி வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு அவித்த கிழங்கு கொடுப்பார். பெயர் வரவில்லை. "ஆத்தான்னுதான் கூப்பிடுவோம்" என்றார். நீண்ட நேரம் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார்.

மாணவன் அந்தக் கட்டத்தில் 'ஆத்தா, வெள்ளைச் செவ்வந்தி' என்று எழுதி, பெயருக்கென ஒரு வரி இடம் விட்டிருக்கிறான். ஐந்தாம் காம்பராக்காரரின் மகள் இப்போது கூடலூரில் இருப்பதாகத் தம்பி வீட்டார் சொன்னார்கள். விலாசம் வாங்கி, திங்கட்கிழமை தபாலிற் கடிதம் ஒன்று அனுப்பியிருக்கிறோம்.